ஒன்பது பேர் இல்லாத பக்கம்

அக்டோபர் 6, திங்கள்

வண்டி எடுத்தது காலை 5.20. பைபாஸ் பாலத்தடியில், ஆபீஸில் பாத்திரமும் தொட்டியும் கழுவும் பாப்பாத்தியை ஏற்றியது 5.40. கிலோமீட்டர் 2,11,406.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் பெயர் சமதளம். வருடா வருடம் எல்லோருக்கும் ஒரு டைரி தருவார்கள். டிரைவரும் எழுத வேண்டும் என்பது அண்ணாவின் உத்தரவு. பத்தாவதில் கணக்கில் இருபத்தெட்டு எடுத்தவனை எழுத்தாளன் ஆக்கிய பெருமை அவரையே சேரும். இது பதினேழாவது டைரி.

அண்ணா என்றால் இயக்குநர் திருமாவளன். இங்கே சார், மேடம் கிடையாது. எல்லோரும் அண்ணா, அக்கா. ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் வித்யாவுக்கு என் மகள் வயது. ஆனாலும் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணா. முதல் வருடம் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

திங்கள்தோறும் மதியம் வட்டச் சாப்பாடு. பாய் விரித்து, இயக்குநர் முதல் வாட்ச்மேன் வரை வட்டமாக உட்கார்ந்து ஒரே சோறு. வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு இல்லை என்பார் அண்ணா. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். எல்லோரும் போன பிறகு பாப்பாத்தி எல்லாத் தட்டையும் இன்னொரு முறை கழுவும். படித்தவர்களுக்குத் தட்டின் அடிப்பக்கம் ஞாபகம் இருப்பதில்லை.

இன்று வட்டத்தில் ஒரு செய்தி சொன்னார். தமிழ்நாட்டில் நாற்பது தொண்டு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்களாம். யார் யாரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், எந்தச் சாதி, எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் சம்பளம் எத்தனை மடங்கு. நல்ல இடம் கிடைத்தால் வெளிநாட்டு நிதி ஐந்து வருடத்துக்கு.

வித்யா அக்கா ஃபாரத்தோடு வந்து என் சாதியைக் கேட்டார். "சர்டிபிகேட்ல பி.சி.ங்கக்கா, வேதக்காரன், கிறிஸ்தவன் ஆனதால. ஊர்ல கேட்டா வேற சொல்வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தலித் என்ற கட்டத்தில் டிக் அடித்தார். ஊர் சொல்வது ஃபாரத்தில் ஏறியது இதுதான் முதல் தடவை.

வட்டத்தைப் போட்டோ எடுத்தார்கள். என்னையும், பாப்பாத்தியையும், போலியோ கால் வாட்ச்மேன் கருத்தபாண்டியையும் முன்னால் உட்காரச் சொன்னார்கள். சட்டையில் கிரீஸ் இருந்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8

பின் சக்கரம் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சிந்தா போன் செய்தாள். என் மகள் ஜெசிந்தா. சென்னையில் தற்காலிக வேலை, ஜனவரியில் நிரந்தரம் செய்வார்களாம். இன்றுதான் விஷயம் புரிந்தது. நாற்பது நிறுவனங்களை ஒப்பிடுவது அவள் ஆபீஸ்தான்.

"உங்க அப்பன் போட்டோ வரும், பாத்துக்க" என்றேன்.

"கிரீஸ் சட்டையாப்பா?"

மகள்களுக்குச் சென்னையிலிருந்தும் கண் தெரிகிறது.

என் மனைவி லூர்து கறிக்குழம்பில் உப்பை மறந்துவிட்டாள். பெருமையில் அதுவும் இறங்கியது.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணாவிடம் சொன்னேன். "நம்ம பொண்ணுடா அது" என்று தோளில் தட்டினார். அவர் அப்படிச் சொல்ல உரிமை உண்டு. சிந்தா எம்.எஸ்.டபிள்யூ. சேர முதல் வருடப் பீஸ் கட்டியது அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

சிந்தா போன். எடுத்ததும் கேள்வி.

"அப்பா, உங்க ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு. வட்டத்துல தட்டு எண்ணி வைக்கிறதே நான்தான்."

"ஃபாரத்துல ரெண்டாம் பக்கம் சாதி, பெண்கள் கணக்கு. அதுல முப்பத்தொண்ணு இருக்கு. அஞ்சாம் பக்கம் சம்பளம். அதுல இருபத்திரெண்டு பேருதான் இருக்காங்க."

"டைப் அடிக்கிறப்ப விட்டிருப்பாங்கம்மா."

"ஒன்பது பேரை விடுவாங்களாப்பா? நீங்க, பாப்பாத்தி அக்கா, வாட்ச்மேன், சமையல்காரம்மா, கூட்டுற ரெண்டு பேரு, தோட்டக்காரரு, கிளை ஆபீஸ்ல ரெண்டு ஆயா. ஒன்பது பேரும் ரெண்டாம் பக்கத்துல இருக்கீங்க. அஞ்சாம் பக்கத்துல இல்ல. உங்களை விட்டுட்டுப் பார்த்தா மேலுக்கும் கீழுக்கும் நாலு மடங்கு. சேர்த்தா இருபத்தஞ்சு மடங்கு."

எனக்குக் கணக்கில் இருபத்தெட்டுதான். ஆனாலும் இது புரிந்தது.

அவள் ஆபீஸில் ஒரு விதி உண்டாம். சொந்தக்காரர் வேலை செய்யும் இடத்துக்கு நேரில் சரிபார்க்கப் போகக்கூடாது. எங்கப்பா அங்கே இருக்கிறார் என்று இவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சம்பளப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா பேரு இதுல இல்லையேம்மா, நீங்களே போகலாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

நவம்பர் 12 வருகிறாள்.

அக்டோபர் 23

வித்யா அக்காவைக் கேட்டேன். "அண்ணா, உங்களுக்கெல்லாம் சம்பளம் இல்லண்ணா. மதிப்பூதியம். வவுச்சர்ல கையெழுத்துப் போடறீங்கல்ல, மேல பாருங்க" என்றார். பதினேழு வருடமாகக் கீழேதான் பார்த்திருக்கிறேன். கையெழுத்து அங்கேதானே போட வேண்டும்.

சாயங்காலம் அண்ணா கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வந்தது.

"சவரி, நீ இங்க வேலைக்காரனா?"

"டிரைவருங்கண்ணா."

"டிரைவர்னு யார் சொன்னா? நீ இந்த இயக்கம். வீட்ல இருக்கறவன் வீட்ல சம்பளம் வாங்குவானா? நீங்க ஒன்பது பேரும் தன்னார்வலர்கள். சேவை மனப்பான்மையோட வர்றவங்க. அதைத்தான் கேக்க வர்றவங்ககிட்டச் சொல்லணும். நிதி வரட்டும், முதல் வேலை உங்க ஒன்பது பேரையும் நிரந்தரம் பண்றதுதான்."

"சரிங்கண்ணா."

"மத்தவங்களுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும். நான் சொன்னா மேலிருந்து சொல்ற மாதிரி ஆயிரும்."

டீ நன்றாக இருந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 5, புதன்

ஒரு வாரமாக வண்டியில் பாடம் நடக்கிறது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேள்வி பதில் மனப்பாடம் செய்வோமே, அந்த முறைதான். வாத்தியார் நான். எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு இது தெரிந்தால் பூட்டிவிடுவார்கள்.

"நீங்கள் யார்?"

"தன்னார்வலர்."

"எதற்காக வருகிறீர்கள்?"

"சேவ மனப்பாம" என்றது பாப்பாத்தி.

"மனப்பான்மை."

"அப்படின்னா என்னண்ணே?"

"நாமளா விரும்பி வர்றது."

"நானா விரும்பியா காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பாலத்தடியில நிக்கிறேன்?"

பின் சீட்டில் கருத்தபாண்டி சிரித்தான். "எக்கா, அதச் சொல்லிராத. சேவை கெட்டுப்போகும்."

நிதி வந்தால் நிரந்தரம் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் பாப்பாத்தி பாலம் வரும்வரை தானாகவே முணுமுணுத்துக்கொண்டு வந்தது. இறங்கும்போது ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

நவம்பர் 9, ஞாயிறு

லூர்து: "பெத்த பொண்ணுகிட்டயே பொய் சொல்லப் போறீங்களா?"

நான்: "அவ அன்னைக்கு மேடம். நான் தன்னார்வலர். பெத்தவன் வீட்லதான."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. நான் சொல்லும் பத்து நகைச்சுவையில் நான்குக்குச் சிரிப்பாள். இது அந்த நான்கில் சேராது போல.

நவம்பர் 12, புதன்

சிந்தா காலை ரயிலில் வந்தாள். சரிபார்க்க வருபவர்கள் நிறுவன வண்டியில் ஏறக்கூடாதாம். ஸ்டேஷன் வாசலில் நான் காலி வண்டியோடு நிற்க, அவள் ஆட்டோ பிடித்தாள். நான் பின்னாலேயே ஓட்டி வந்தேன்.

ஒவ்வொருவராகத் தனி அறையில் கூப்பிட்டாள். என் முறை வந்தது. மகள் நாற்காலியில். நான் எதிரே. என் கையில் இந்த டைரி இருந்தது. வழக்கம்.

"உங்க பேர் சொல்லுங்க."

"சவரிமுத்து."

"இங்க என்னவா இருக்கீங்க?"

"தன்னார்வலரா இருக்கேன் மேடம். வண்டி ஓட்டி உதவி பண்றேன். சேவை மனப்பான்மை."

பேப்பரைவிட்டுத் தலை தூக்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"தினமும் வருவீங்களா?"

"விருப்பப்பட்டா வருவேன்."

"போன வருஷம் எத்தனை நாள் விருப்பப்படல?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. "ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

எழுதினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். இந்தத் தடவை மேலே படித்துவிட்டுத்தான் போட்டேன். அவளும் பக்கத்தில் போட்டாள். அவள் கையெழுத்தில் முதல் எழுத்து என்னுடையது. எஸ். ஜெசிந்தா.

மற்ற எட்டுப் பேரும் வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எல்லோரும் பாஸ்.

லூர்து விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். சிந்தா வீட்டுக்கு வரவில்லை. ரயில் ஏறிய பிறகு போன் செய்தாள்.

"அப்பா, ஒன்பது பேரும் ஒரே வார்த்தை சொன்னாங்க. பாப்பாத்தி அக்கா அதை வாயில வராம மூணு தடவை சொல்லிப் பார்த்தாங்க. யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

ரயிலில் சிக்னல் சரியாக இருப்பதில்லை. கட் ஆகிவிட்டது.

நவம்பர் 13

மீன் குழம்பு மறுநாள் இன்னும் ருசி என்பார்கள். இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

முடிவு வந்தது. நாற்பதில் சமதளம் மூன்றாமிடம். எல்லாத் தரப்பினரும் வேலை செய்யும் இடம் என்ற வகையில் முதலிடம். சம்பள இடைவெளி குறைவான நிறுவனங்களிலும் எங்கள் பெயர்.

அண்ணாவைச் சென்னை விழாவுக்குக் கூட்டிப்போனேன். புத்தகம் போட்டிருக்கிறார்கள். அட்டையில் எங்கள் வட்டம். நடுவில் நான், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. பசியில் இருப்பவன் மாதிரித் தெரிகிறேன்.

விழா குளிரூட்டிய ஹாலில். டிரைவர்களுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் சாப்பாடு. வரிசையில் என் முறை வருவதற்குள் சிந்தா உள்ளேயிருந்து இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அட்டையில நீங்கதாம்ப்பா" என்றாள்.

"பாத்தேன்."

"உள்ள பக்கத்துல எங்கயும் உங்க பேர் இல்ல."

"போட்டோவே வந்திருக்கு, பேரு எதுக்கு" என்றேன். அவள் என் பங்கு முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலை 7.15க்கு மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது பாப்பாத்தி ஏணியிலிருந்து விழுந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, இடுப்பிலும் அடி. நானும் கருத்தபாண்டியும் வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிலோமீட்டர் எழுத மறந்துவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

வட்டச் சாப்பாடு. முப்பது தட்டு. எல்லோரும் அவரவர் தட்டைக் கழுவினார்கள். பிறகு தொட்டுப் பார்த்தேன், பிசுக்காக இருந்தது.

அண்ணா பாப்பாத்திக்காக ஒரு நிமிடம் மௌனம் இருக்கச் சொன்னார். இறந்தவர்களுக்குத்தானே இருப்பார்கள் என்று கருத்தபாண்டி என் காதில் கேட்டான். ஒரு டப்பா சுற்றி வந்தது. அவரவரால் முடிந்தது போட்டார்கள்.

சாயங்காலம் அண்ணாவின் அறைக்குப் போனேன்.

"பாப்பாத்திக்கு ஆறு மாசம் கை அசைக்கக் கூடாதுன்னுட்டாங்கண்ணா. ஏதாவது பாத்துச் செய்யணும்."

"டப்பா வச்சமேடா."

"வேலை நேரத்துல விழுந்ததுங்கண்ணா."

"தன்னார்வலருக்கு வேலை நேரம் ஏது சவரி? அதுவே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கே." வித்யா அக்கா அந்தத் தாளின் நகலை எடுத்து வைத்தார். பாப்பாத்திக்குக் கையெழுத்து வராது. பெருவிரல் ரேகை. பக்கத்தில் சிந்தாவின் கையெழுத்து.

"நிதி வந்தா நிரந்தரம்னு சொன்னீங்களேண்ணா."

"சொன்னேன். இப்ப திடீர்னு ஒன்பது பேரும் ஸ்டாஃப்னு காட்டினா, அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆயிடுமே. சரிபார்த்தது யாரு? நம்ம பொண்ணு. அவ பிழைப்புல மண்ணைப் போடுவமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

தொட்டி கழுவ இந்த வியாழனிலிருந்து வேறொரு பெண் வருகிறது. பாலத்தடியில் அதையும் ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 16

பாப்பாத்தியைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு வாங்கினேன். கட்டுப்போட்ட கையால் உரிக்க முடியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. நானே உரித்தேன்.

"நீ சொல்லிக் குடுத்ததத்தானண்ணே சொன்னேன். தப்பாச் சொல்லிட்டனோ? மூணாவது தடவ சரியாத்தான வந்துச்சு."

சரியாகத்தான் வந்தது என்றேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். சிந்தா வந்தாள். கேக்கை வெட்டும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யார் சொல்லிக் கொடுத்தது என்பதையும். லூர்து கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். எனக்கு அவள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

சிந்தா திட்டவில்லை. "உங்க டைரி எல்லாம் எங்கப்பா?" என்றாள். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் பதினாறு. பையில் இது. தரையில் பரப்பிப் பகல் முழுக்கப் படித்தாள். இடையிடையே சிரித்தாள். 2011இல் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வண்டியிலேயே தூங்கவைத்துக்கொண்டு அண்ணாவோடு கொடைக்கானல் போனதை எழுதியிருக்கிறேன். நவம்பர் 12ஆம் தேதிக்கு வந்தபோது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் சிந்தா கேட்டாள். "பாப்பாத்தி அக்கா பேரு எப்ப இருந்து இருக்கு தெரியுமா? ஒன்பது வருஷம். தினமும் 5.40. பண்டிகை நாள்லகூட. சமதளம்னு அச்சடிச்ச டைரியில."

"அதனால என்னம்மா?"

"விருப்பப்பட்டு வர்ற ஆளை இப்படித் தினமும் ஏத்த மாட்டாங்கப்பா. தொழிலாளர் துறையில குடுத்தா இதுதான் சாட்சி."

"குடுத்தா உன் கையெழுத்து பொய்யாயிடும்."

"ஏற்கெனவே பொய்தானப்பா. எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க பொய்யை நான் எழுதிக்கிட்டேன். என் வேலையை நான் பாத்துக்கறேன். டைரி உங்களுது. குடுக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 

டிசம்பர் 29, திங்கள்

சிந்தா நாலு நாள் இருந்துவிட்டு இன்று போனாள். டைரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 2, வெள்ளி (டைரியின் பின்னால் குறிப்புகள் என்ற பக்கத்தில்)

புது வருட டைரி கொடுத்தார்கள். பட்டியலில் இருபத்திரண்டு பேர். தன்னார்வலர்களுக்குப் பேனா. நல்ல பேனாதான், இதோ எழுதுகிறதே. எதில் எழுதுவது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

வித்யா அக்கா பின்னாலேயே வந்தார். "அண்ணா, பழைய டைரி எல்லாம் ஆபீஸ் சொத்து. திங்கக்கிழமை கொண்டுவந்து ஒப்படைச்சிரச் சொன்னாங்க."

"எல்லாம் எலி கடிச்சிருச்சுங்கக்கா."

"பதினேழுமா?"

"சேவை மனப்பான்மை உள்ள எலி."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாக, "திங்கக்கிழமைக்குள்ள எதா இருந்தாலும் பண்ணிருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சிந்தாவுக்குப் போன் செய்தேன். "குடுத்துருவோம்மா" என்றேன். இந்தத் தடவை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

வண்டி: டவுன் பஸ். ஓட்டியது: நான் அல்ல. ஏறியவர்கள்: பாப்பாத்தி, லூர்து, கருத்தபாண்டி, டைரி பதினேழு. மற்ற ஆறு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? வரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போன தடவை நான் சொல்லித்தானே கேட்டார்கள்.

இந்நேரம் அங்கே வட்டத்துக்குப் பாய் விரித்திருப்பார்கள்.

சிந்தா சென்னையிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தன் அறிக்கை தவறு என்று சனிக்கிழமையே ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இனி வர வேண்டாம் என்று பதில் வந்திருக்கிறது. அறிக்கையைத் திருத்துவோமா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போனில் காட்டினாள். முழுவதும் படிக்க எனக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி பையில்தான் இருந்தது.

தொழிலாளர் துறை அலுவலகம். மேசையில் இருந்தவர் பாப்பாத்தியின் மனுவை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நீங்க அங்க என்னவா இருக்கீங்க?"

சிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவருங்க. பதினேழு வருஷமா. தினமும்."

"இந்தம்மாவுக்குச் சாட்சியா வந்திருக்கீங்களா?"

"சாட்சியும்தாங்க. முதல்ல, இவங்களுக்குப் பொய் சொல்லிக் குடுத்த ஆளு நான்தான். அதையும் எழுதிக்கங்க."

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை என்றார்.

அதனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பேனாவால், இங்கே எழுதுகிறேன். பாப்பாத்தி பக்கத்தில் இருக்கிறது, என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறது. படித்துக் காட்டினேன். "சரியாத்தாண்ணே இருக்கு" என்றது.

டைரியை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள்.